தாழியும் தேறலும்

நுழையும்முன்

பழமையைக் காப்பது என்றதும் வேலியிட்டு, அறிவிப்புப் பலகை மாட்டி, எவரும் தொடாமல் வைப்பதே நம் நினைவுக்கு வருகிறது. போர்ச்சுகல் நாட்டின் தென்பகுதியிலுள்ள எவொரா நகரமும் அதைச் சூழ்ந்த திராட்சை நிலமும் இதற்கு வேறொரு விடையை வைத்திருக்கின்றன. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலைத் தந்தவர் அந்நிலத்தின் மகன் என்பதால், அவ்விடையைத் தேடிச் செல்லும் பயணம் நமக்கும் உரியதாகிறது.

தேஜோவுக்கு அப்பால்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனிலிருந்து புறப்படும் தொடர்வண்டி, தேஜோ ஆற்றின் மேலுள்ள நெடும்பாலத்தைக் கடந்து கிழக்கு நோக்கித் திரும்புகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் எவொரா வந்துவிடும். அந்நகரம் அமைந்துள்ள பெருநிலத்தின் பெயர் அலெந்தேஜோ. ‘தேஜோவுக்கு அப்பால்’ என்பது அதன் பொருள். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்நிலம். ஆனால் மக்கள்தொகை மிகக் குறைவு. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மெல்ல ஏறி இறங்கும் மேடுகள், அவற்றில் இடைவெளி விட்டு நிற்கும் ஓக் மரங்கள், ஆலிவ் தோப்புகள், வரிவரியாகத் திராட்சைக் கொடிகள்.

நம் திணை மரபில் வைத்து நோக்கினால், இந்நிலத்தை முல்லை என்பதா பாலை என்பதா என்று தயங்க நேரும். மழை பெய்யும் குளிர்காலத்தில் பசும்புல்லும் மேயும் ஆட்டு மந்தைகளும் முல்லையை நினைவூட்டும். கோடையிலோ வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். புல் கருகி, மண் வெடித்து, முழுப் பாலையாகிவிடும். இந்த வெயிலை எதிர்கொள்ளவே வீடுகளுக்கெல்லாம் வெண்சுண்ணம் பூசுகின்றனர். சுவரின் அடியிலும் கதவு, சன்னல் ஓரங்களிலும் மஞ்சளோ நீலமோ கொண்டு பட்டை தீட்டுவது இவ்வூர்களின் வழக்கம்.

மதில் சூழ்ந்த எவொராவின் பழைய நகர்ப்பகுதியை 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. உரோமர், மூர் இன இசுலாமியர், கிறித்தவ அரசர் என ஒருவர்பின் ஒருவராக ஆண்ட ஊர் இது. ஒவ்வொருவரும் முன்னவர் விட்டுச்சென்றதன் மேலேயே கட்டினர். மேட்டின் உச்சியில், 1186இல் தொடங்கிக் கருங்கல்லால் எழுப்பப்பட்ட பேராலயம் நிற்கிறது. கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்த சப்பானிய இளந்தூதர்கள் 1584ஆம் ஆண்டு இவ்வாலயத்துக்கு வந்தனர் என்பதும், அவர்களுள் சிலர் இங்குள்ள இசைக்கருவியை மீட்டினர் என்பதும் இவ்வூரார் பெருமையுடன் சொல்லும் செய்திகள்.

இறைச்சிக்கூடமான கோயில்

பேராலயத்துக்கு மிக அருகில் உரோமானியக் கோயில் ஒன்றின் எச்சம் உள்ளது. உயர்ந்த மேடை, அதன்மேல் 14 தூண்கள், தூண்களுக்கு மேல் வெறும் வானம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. தூணின் உடல் இப்பகுதியின் கருங்கல். அடிப்பீடமும் இலைவேலைப்பாடுள்ள தலைப்பகுதியும் அருகிலுள்ள எஸ்த்ரெமோசு ஊரின் வெண்பளிங்கு. ‘தியானா கோயில்’ என்று மக்கள் அழைத்தாலும் அந்தப் பெயர் பிற்காலக் கற்பனை. உரோமப் பேரரசரை வழிபட எழுந்த கோயிலாகவே இது இருந்திருக்க வேண்டும் என்பர் ஆய்வாளர்.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின் ஐரோப்பாவின் எத்தனையோ கோயில்கள் கல்லுக்காக இடிக்கப்பட்டன. இக்கோயில் மட்டும் எவ்வாறு தப்பியது? விடை சற்றே வியப்பானது. இடைக்காலத்தில் தூண்களுக்கிடையே சுவர் வைத்து அடைத்து, இதனைக் கோட்டையின் பகுதியாக்கினர். பின்னர் இது ஊரின் இறைச்சிக்கூடமானது. 1836ஆம் ஆண்டு வரை இங்கே இறைச்சி விற்றார்கள்! புனிதம் போய்விட்டது, ஆனால் கட்டடம் பயன்பட்டது. பயன்பட்டதால் எவரும் அதனை இடிக்கவில்லை.

1871இல் இடைச்சுவர்கள் அகற்றப்பட்டு, இன்று நாம் காணும் தூண்கள் வெளிப்பட்டன. அப்பணி சரியா என்னும் வினா இன்றும் எழுப்பத்தக்கதே. உரோமானியப் பழமையை மீட்பதற்காக இடைக்காலப் பழமையைக் களைந்தெறிந்தனர். முதல் நூற்றாண்டு நமக்குக் கிடைத்தது; அதைக் காப்பாற்றிய ஐந்நூறு ஆண்டுச் சுவர் போயிற்று. நிலா வெளிச்சத்தில் அத்தூண்களைக் காணும்போது அழகில் மனம் தோய்கிறது என்பது உண்மை. எனினும் அந்தக் கசாப்புக்காரர்களுக்கு ஒரு நன்றிக் கல்வெட்டேனும் வைத்திருக்கலாம்.

கோயிலுக்கு நேர்ந்தது தொட்டிப்பாலத்துக்கு நேரவில்லை. எவொராவுக்கு நீர் கொண்டுவர 16ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் அமைத்தனர். ‘வெள்ளிநீர்க் கால்வாய்’ என்பது அதன் பெயர். லிஸ்பனின் புகழ்பெற்ற பெலேம் கோபுரத்தை வடிவமைத்த பிரான்சிஸ்கோ த அர்ருதாவே இதனையும் வடிவமைத்தார். 1537இல் நகருக்குள் நீர் வந்தது. நகரை நெருங்கும் இடத்தில் கால்வாய் உயர்ந்த வளைவுகளின் மேல் செல்கிறது. மதிலுக்குள் நுழைந்ததும் அவ்வளைவுகள் படிப்படியாகத் தாழ்கின்றன. தாழ்ந்த வளைவுகளுக்கு அடியில் மக்கள் வீடுகளையும் கடைகளையும் கட்டிக்கொண்டனர். இருபுறமும் வளைவின் தூண்களே சுவர்; மேலே நீரோடிய கால்வாயே கூரை. அங்கே இன்றும் சன்னலில் துணி காய்கிறது. வாசலில் பூந்தொட்டி இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரே ‘குழாய்த் தெரு’.

சதுக்கமும் கல்லூரியும்

ஊரின் நடுவில் ஜிரால்து சதுக்கம். எட்டுத் தெருக்கள் வந்து கூடும் இச்சதுக்கத்தில், 1571இல் அமைத்த பளிங்கு நீரூற்று எட்டு வாய்களில் நீர் சொரிகிறது. மாலை வேளைகளில் முதியோர் அதனருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். இத்தனை அமைதியான இடத்தின் கடந்தகாலம் அமைதியானதன்று. 1536இல் போர்ச்சுகலில் சமய விசாரணை மன்றம் ஏற்பட்டபோது எவொரா அதன் முக்கிய இருக்கைகளுள் ஒன்றாயிற்று. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு யூதர்கள் வலிந்து மதம் மாற்றப்பட்டிருந்தனர். ‘புதுக் கிறித்தவர்’ எனப்பட்ட அவர்களின் வழியினர் மறைவாகப் பழைய சமயத்தைப் பின்பற்றுகிறார்களோ என்னும் ஐயமே விசாரணைகளுக்குக் காரணமானது. தீர்ப்புகள் இந்தச் சதுக்கத்தில், கூடியிருந்த மக்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. இதே மன்றத்தின் கிளை 1560இல் கோவாவிலும் நிறுவப்பட்டது என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அதே நூற்றாண்டில்தான், 1559இல், இயேசு சபையார் பொறுப்பில் பல்கலைக்கழகமும் இங்குத் தோன்றியது. அதன் வகுப்பறைச் சுவர்களில் நீலமும் வெள்ளையுமான மெருகோடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவ்வறையில் எந்தப் பாடம் நடந்ததோ அந்தப் பாடத்துக்கேற்ற ஓவியங்கள் அவை: பிளாட்டோ மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார், அலெக்சாந்தருக்கு அரிசுட்டாட்டில் ஆசிரியராக அமர்ந்திருக்கிறார். 1759இல் இயேசு சபையாரை அரசு வெளியேற்றியதும் கல்லூரி மூடப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1973இல் மீண்டும் உயர்கல்வி தொடங்கியது. இப்போது அதே அறைகளில், அதே ஓடுகளுக்குக் கீழே, மாணவர்கள் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கின்றனர். அருங்காட்சியகமாக்கியிருந்தால் நுழைவுச்சீட்டு விற்றிருக்கும், பாடம் நடந்திராது.

ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை

எவொராவின் மதிலைத் தாண்டி மேற்கே சென்றால் அல்மெந்திரஸ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 95 நெடுங்கற்கள் வட்டமும் நீள்வட்டமுமாக நிற்கின்றன. ஏழாயிரம் ஆண்டுப் பழமையுடைய இக்கல்வட்டத்தை 1964ஆம் ஆண்டில்தான் அறிஞர் உலகம் அறிந்தது. அதுவரை தக்கை மரங்களுக்கிடையே அவை மறைந்து கிடந்தன.

அந்தத் தக்கை மரமே இந்நிலத்தின் தனிச்செல்வம். அது ஓக் மரத்தின் ஒரு வகை. அதன் தடித்த பட்டையை உரித்தாலும் மரம் சாவதில்லை; மீண்டும் பட்டை வளர்கிறது. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலிலிருந்தே வருகிறது. மரம் நட்டு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குப் பின்னரே முதற்பட்டை உரிப்பர். பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை. முதலிரு முறை உரிக்கும் பட்டை சொரசொரப்பானது. மூன்றாம் முறை கிடைப்பதே புட்டிமூடிக்கு ஏற்றது. அதாவது, இன்று ஒருவர் நடும் மரம் நல்ல மூடியைத் தர நாற்பதாண்டுகளுக்கு மேலாகும்.

உரிக்கும் வேலை கோடையில் நடைபெறும். கோடரியால் பட்டையில் கீறலிட்டு, பிடியின் முனையால் நெம்பி, முழு வளையாகப் பெயர்த்தெடுப்பர். கோடரி சற்றே ஆழமாக இறங்கினால் உட்தோல் காயப்பட்டு மரம் நலிந்துவிடும். எனவே கைதேர்ந்தவர்க்கே இவ்வேலை. வேளாண் பணிகளுள் கூலி மிகுந்ததும் இதுவே. உரித்த மரத்தின் செந்நிறத் தண்டில் ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளை வண்ணத்தால் எழுதி வைக்கின்றனர். ‘4’ என்றிருந்தால் 2024இல் உரித்தது. மீண்டும் 2033இல்தான் கைவைக்கலாம். இசைவின்றி இம்மரத்தை வெட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தைவிட வலிமையான காவல், அம்மரம் தரும் வருவாய். நெகிழி மூடிகளும் திருகு மூடிகளும் பெருகப் பெருக இந்தக் காவல் தளரக்கூடும் என்பதே இங்குள்ள உழவரின் அச்சம். தக்கை விலைபோகாவிட்டால் தோப்பு எதற்கு என்று அடுத்த தலைமுறை கேட்கும். தோப்பு போனால் அதன் நிழலில் மேயும் ஆடும், ஓக் கொட்டை தின்னும் பன்றியும், கூடு கட்டும் பறவைகளும் போகும்.

பளிங்கூரிலிருந்து புன்னைக்காயல் வரை

எவொராவுக்கு வடகிழக்கே எஸ்த்ரெமோசு, போர்பா, விலா விசோசா என்னும் மூன்று ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. மண்ணுக்கு அடியில் பளிங்கு. மண்ணுக்கு மேல் திராட்சை. உரோமானியக் கோயிலின் தூண்தலைக்குப் பளிங்கு கொடுத்த அதே பாறைத்தொடர்தான் இது. விலா விசோசாவில் வாசற்படியும் நடைபாதையும்கூடப் பளிங்கால் ஆனவை.

இவ்வூரில் 1520ஆம் ஆண்டு பிறந்தவர் என்ரிக் என்ரிக்கஸ். தமிழர் இவரை அண்டிரிக் அடிகளார் என்பர். யூத மரபில் வந்த புதுக் கிறித்தவக் குடும்பம் அவருடையது. அதன் காரணமாகவே, தாம் முதலில் சேர்ந்த துறவற சபையிலிருந்து அவர் விலக்கப்பட்டார். பின்னர் இயேசு சபையில் இடம்பெற்று 1546இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். பிறப்பைக் காட்டி ஒரு மனிதரை ஐயுற்ற ஊரை விட்டு வந்தவர், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். மீனவ மக்களிடம் தமிழ் கற்றார். தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலே இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல். 1600இல் புன்னைக்காயலில் அவர் மறைந்தார். விலா விசோசாவின் பளிங்குத் தெருவில் நடக்கும் தமிழருக்கு அரண்மனையைவிட இந்த நினைவே மேலோங்கும்.

தெரிந்து தெளிவோம்

சன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, பாதிரி, அன்னாசி முதலிய சொற்கள் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. ‘பீப்பாய்’ என்பதும் அவ்வாறே. திராட்சைமதுவை அடைத்து வைக்கும் பெரிய மரக்கலனுக்கு அம்மொழியில் ‘பிப்பா’ என்று பெயர். நம்மிடம் வந்தபின் அது நீருக்கும் எண்ணெய்க்கும் உரிய கலனாயிற்று.

தாழியின் வயிற்றில்

எவொராவுக்குத் தெற்கே விதிகெய்ரா என்னும் சிற்றூர். கடல்வழி கண்ட வாஸ்கோ ட காமாவுக்கு 1519இல் அரசர் அளித்த பட்டம் ‘விதிகெய்ராவின் கோமான்’ என்பதே. 1524இல் கொச்சியில் இறந்த அவரது உடல் சில ஆண்டுகளுக்குப் பின் இங்குக் கொண்டுவரப்பட்டு, 1880இல் லிஸ்பனுக்கு மாற்றப்படும்வரை இம்மண்ணில் இருந்தது. ஆயினும் இவ்வூரும் அருகிலுள்ள விலா த பிராதஸ் சிற்றூரும் இன்று அறியப்படுவது அவரால் அன்று; மண்தாழிகளால்.

போர்ச்சுகீசிய மொழியில் அத்தாழிக்குத் ‘தால்யா’ என்று பெயர். நம் ‘தாழி’யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே, அது இலத்தீன் வழிவந்த சொல். ஆனால் வடிவம் கண்டவுடன் நமக்குப் பழக்கமானதாகத் தோன்றும். ஆதிச்சநல்லூர்த் தாழியைப் போல அகன்ற வயிறு, குறுகிய அடி. பெரியது ஓராள் உயரத்தையும் விஞ்சும். ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். உரோமர் இந்நிலத்துக்குக் கற்பித்த முறையில், திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துத் தெளியச்செய்யும் கலன் இது. மதுவைப் பற்றிய அறநோக்கு நம் நூல்களில் விரிவாகவே உண்டு. இங்கே நாம் காண்பது ஒரு கைத்தொழிலின் நுட்பத்தை மட்டுமே.

சுட்ட மண்ணில் நுண்துளைகள் இருக்கும். ஆகவே தாழியைக் கவிழ்த்துத் தீயில் சூடேற்றி, உருக்கிய பைன் மரப் பிசினை உட்புறம் பூசுவர். சிலர் தேன்மெழுகும் கலப்பதுண்டு. கோடை முடிவில் பறித்த திராட்சையை நசுக்கித் தோலும் விதையுமாகத் தாழியில் இடுவர். வேறு எதுவும் சேர்ப்பதில்லை. தோலில் இயல்பாக உள்ள ஈஸ்ட் ஓரிரு நாளில் நொதித்தலைத் தொடங்கிவிடும். அப்போது எழும் வளி, தோல்களையெல்லாம் மேலே தள்ளி ஒரு மூடிபோல் இறுக்கிவிடும். அம்மூடியை நாள்தோறும் மரத்துடுப்பால் உள்ளே அமிழ்த்த வேண்டும். மறந்தால் வளி வெளியேற வழியின்றித் தாழியே வெடித்துவிடும்! அதனால்தான் இங்குள்ள மதுக்கூடங்களின் தரை ஒருபுறம் சரிந்திருக்கிறது. சரிவின் முடிவில் தரையில் ஒரு குழி. வெடித்த தாழியின் சாறு அங்கே சேரும். அக்குழிக்கு இவ்வூரார் இட்ட பெயர் ‘திருடன்’. நொதிக்கையில் சாறு சூடேறுவதால் தாழியின் வெளிப்புறத்தில் நீர் தெளித்துக் குளிரச் செய்வதுமுண்டு. மண்பானையில் நீர் குளிரும் அதே இயற்பியல்தான்.

நொதித்தல் அடங்கியதும் தோல்கள் தாமே அடியில் படிகின்றன. தாழியின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு துளை. அதைத் திறந்தால், படிந்த தோல்களின் ஊடாகக் கசிந்து, தெளிந்த சாறு வெளிவரும். படிவே வடிகட்டியாகிறது. இதை அறிந்தபின் நம் சொல்லொன்று புதிதாக ஒலிக்கிறது: தேறல். தேறுதல் என்றால் தெளிதல். கலங்கல் நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் அவ்வேர்ச்சொல் உண்டு. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் பாடியுள்ளார். அரிக்கமேட்டு அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. நம் கடற்கரைக்கு வந்த சாடி வேறு நிலத்தது. ஆனால் மண்கலனில் தேறல் வைக்கும் அந்தப் பழைய உலகத்தின் தொழில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு மூலை இது. விலா த பிராதசின் அருகிலேயே சாந்து குக்குபாத்து என்னும் உரோமானியப் பெருமனையின் இடிபாடு இருப்பதும் பொருத்தமே.

உயிரோடிருக்கிறது என்றாலும், எளிதாக இருக்கவில்லை. 1929இல் அரசு கோதுமைப் பெருக்கத் திட்டம் கொண்டுவந்தபோது அலெந்தேஜோ முழுவதும் கோதுமை வயலாகத் தலைப்பட்டது. 1950களிலிருந்து கூட்டுறவு ஆலைகள் தோன்றின. சிமெண்டுத் தொட்டியும் பின்னர் எஃகுத் தொட்டியும் வந்தன. தாழியை விடாமல் வைத்திருந்தவர்கள் சிற்றூர்க் குடும்பத்தினர்; விற்பதற்காக அன்று, தம் வீட்டுக்காக. அந்த வீட்டுப்புழக்கமே தொழிலைக் காத்தது. 2010இல் தாழித்தேறலுக்குத் தனி விதிமுறையும் தரச்சான்றும் உருவாயின. இப்போது வெளிநாட்டாரும் தேடி வருகின்றனர்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேறல் செய்வோர் பெருகினர். தாழி வனைவோர் மிகச் சிலரே. ஓராள் உயரத் தாழியை வளையம் வளையமாக, ஒன்று உலர்ந்தபின் அடுத்ததை ஏற்றி வனைந்து, உடையாமல் சூளையில் சுடும் கைத்திறன் கடந்த நூற்றாண்டிலேயே ஏறத்தாழ அற்றுப்போயிற்று. இன்று கைமாறுபவை பெரும்பாலும் பழைய தாழிகளே. சிலவற்றின் தோளில் வனைந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே பிசின் பூசத் தெரிந்தவரும் சிலரே உள்ளனர். தாழி வெறுமையாக இருந்த தலைமுறைகளில் குயவருக்கு வேலையில்லை. வேலையில்லாத கை அடுத்த கைக்குக் கற்பிக்கவில்லை. எந்தச் சட்டமும் சான்றிதழும் அந்த இடைவெளியை உடனே நிரப்பிவிட முடியாது.

நவம்பர் 11, புனித மார்த்தினுடைய நாள். அன்றுதான் தாழி திறப்பு. வறுத்த கசுக்கொட்டையுடன் ஊரார் கூடுகின்றனர். உழவரின் பாட்டு எழுகிறது. இசைக்கருவி ஏதுமில்லை, ஒருவர் தொடங்க, இன்னொருவர் குரலுயர்த்த, பின்னர் எல்லாரும் தோளோடு தோள்சேர்ந்து மெல்லப் பாடுவர். இப்பாட்டு மரபை 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சில வாரங்களில் சாறு வடிந்து தீர்ந்ததும், மெலிந்த உடலுடைய ஒருவர் தாழியின் வாய்வழியே உள்ளே இறங்கி, அடியில் தங்கிய தோலையும் விதையையும் அள்ளி வெளியே கொடுப்பார். பிறகு கழுவிக் காயவைத்த தாழி, அடுத்த கோடை முடிவில் திராட்சை பறிக்கும்வரை இருட்டில் நிற்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பழமையான கட்டடம் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருப்பின், அது எவ்வெவ் பயன்களுக்கு மாறிவந்தது என்பதை முதியோரிடம் கேட்டுக் கட்டுரையாக்குக.

2. ‘1871இல் எவொராக் கோயிலின் இடைச்சுவர்களை அகற்றியது சரியே’ என்னும் பொருளில் வகுப்பில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பகுதியில் பெரிய மண்கலன் வனையும் குயவர் ஒருவரைச் சந்தித்து, அத்தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வருக.